இரண்டாவது சரணம்

என் மனைவி பரமேஸ்வரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பனி இன்னும் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரையை விட்டு இறங்கவில்லை. ஈர விறகு அடுப்பில் புகைந்து, அந்தப் புகை வாசல் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் வந்து என் கண்ணைக் கரித்தது. நான் அங்கே உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். ஹட்டன் கடைவீதியில் புடவைக் கடை வேலை எனக்கு. அழுக்குச் சப்பாத்தோடு போனால் முதலாளி முகம் கொடுக்க மாட்டார்.

ரொட்டி தட்டுகிற சத்தத்தில் ஒரு தாளம் இருந்தது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. கொஞ்ச நேரம் நான் அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு அவள் வாய் முணுமுணுக்க ஆரம்பித்தது.

“மேக்கணக்கு வருது பார், மேகமே தள்ளி நில்லு...”

என் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது. அது சந்திரன் எழுதிய பாட்டு.

“என்ன பாட்டு அது?” என்றேன்.

“எது?”

“இப்ப பாடினியே.”

“பாடினேனா? ரொட்டிதானே தட்டினேன்” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். “உங்க பாட்டும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்கு ரொட்டி தட்ட முடியாதுங்க.”

ரொட்டியும் சம்பலும் தட்டில் வந்தன. அன்றைக்கு நான் சாப்பிடாமலேயே பஸ் ஏறினேன். பொறாமையை நாசூக்காகச் சொல்லச் சிலருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

மேலும் கீழும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பிரிவுகள். பிரிவை நாங்கள் கணக்கு என்போம். மலையின் மேலே இருப்பது மேல்கணக்கு, ஆற்றோரம் இருப்பது கீழ்கணக்கு. நான் கீழ்கணக்கு. பரமு மேல்கணக்கில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்டு கீழே வந்தவள். எங்கள் லயங்களில் பாதிப் பெண்கள் அப்படி வந்தவர்கள்தான்.

சந்திரன் அவளுடைய அத்தை மகன், முறை மச்சான். அவன் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்த காலத்தில் எங்கள் வீட்டார் முந்திக்கொண்டு பெண் கேட்டுப் பேசி முடித்துவிட்டார்கள். அதற்காக யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அவன் எங்கள் கல்யாணத்துக்கு வந்தான், பந்தியில் பரிமாறினான், பிறகு தலவாக்கலைப் பக்கம் பெண் எடுத்தான். இப்போது வட்டகொடை ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறான். பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே வகுப்பு. சில மாதங்கள் மூத்தவன் என்ற ஒரே காரணத்தால் என்னைத் “தம்பி” என்பான். முறையும் அப்படித்தான் வருகிறது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு “அண்ணே” என்பேன்.

என்னைப் பற்றி இந்தப் பத்திரிகைத் தொடரில் சென்ற வாரங்களில் நிறையவே சொல்லிவிட்டேன். வட்டகொடை சுற்றுவட்டாரத்தில் திருவிழா, கல்யாணம், விளையாட்டுப் போட்டி எதுவானாலும் மைக் பிடிப்பவன் நான். இரங்கல் கவிதையா, பாராட்டுப் பாவா, வரவேற்புரையா, எழுதுபவனும் நான்தான். இந்த மலையில் எழுத்து என்றால் என் வாசலுக்குத்தான் வருவார்கள் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

சித்திரை விடுமுறையில் இரண்டு கணக்குக்கும் மென்பந்துக் கிரிக்கெட் நடக்கும். ஒரு வருடம், கொழும்பிலிருந்து ஊருக்கு வந்த மேல்கணக்குப் பொடியன்கள் தங்கள் அணிக்கென்று ஒரு பாட்டு செய்துகொண்டு வந்தார்கள். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கீபோர்டும் தப்பு மேளமும் வைத்துப் பதிந்த பாட்டு. போட்டிக்கு முந்திய வாரமே எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது.

“யார் எழுதினது?” என்று கேட்டேன்.

“நம்ம சந்திரன் அண்ணன்” என்றார்கள்.

வாழ்நாளில் ஒரு வாழ்த்து மடல்கூட எழுதாத ஆள்!

ஆளுக்கு முன்னால் வரும் பாட்டு

இந்த அடையாளப் பாட்டு விஷயம் எங்களுக்குப் புதிதல்ல. வெளியூர்க்காரர்கள் இதை டிவி பார்த்துப் பழகியது என்று நினைக்கக்கூடும்.

மாசியில் காமன் கூத்து ஆடும்போது ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு வரவுப் பாட்டு உண்டு, ஒரு தப்பு அடி உண்டு. ஆள் திரைக்குப் பின்னால் இருக்கும்போதே அடி வந்துவிடும். கோபக்கார வேஷத்தின் அடி கேட்டதுமே சிறு பிள்ளைகள் அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொள்ளும். அந்த வேஷம் கட்டுபவர் பக்கத்து லயத்து மாமாதான், பகலில் அதே பிள்ளைகளுக்குக் கடலை வாங்கிக் கொடுப்பவர்தான். ஆனாலும் அடி விழுந்துவிட்டால் அவர் வேறு ஆள். எங்கள் வயதில் காமன் வேஷம் கட்டியவன் யார் என்கிறீர்கள்? சந்திரன். எனக்குக் கிடைத்தது மைக்.

பாணும் பணிஸும் விற்க வரும் பேக்கரி ஆட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அதன் மெட்டு ரோட்டு வளைவில் கேட்டதும் லயத்து நாய்கள்கூட எழுந்து நிற்கும். ஒரு தடவை அந்த மெட்டுப் பெட்டி பழுதாகி, பாண்காரர் சத்தமில்லாமல் வந்தார். ஒருவரும் வெளியே வரவில்லை. மறுநாள் யாரிடமோ இரவல் வாங்கி ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டு பெண்கள் தலை சீவிக்கொண்டு ஓடி வந்தார்கள். பணிஸ் மட்டும் ஒன்றும் விற்கவில்லை. பழைய மெட்டு திரும்பி வந்த பிறகுதான் அவருக்கு வியாபாரம் வந்தது.

அப்படித்தான் இது. ஒரு பாட்டு ஒருவனுக்குச் சொந்தமாகிவிட்டால், பிறகு அவன் நேரில் வர வேண்டியதில்லை. பாட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். சந்திரன் என் வீட்டுக்கு வருவது வருடத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ. ஆனால் அந்தச் சித்திரைக்குப் பிறகு தினமும் காலையில் ரொட்டியோடு வர ஆரம்பித்தான்.

சிங்கமும் வேங்கையும்

நான் சும்மா இருப்பேனா? கீழ்கணக்குக்கு ஒரு பாட்டு எழுதினேன். கடையில் துணி மடித்துக்கொண்டே மெட்டுப் போட்டேன். “வெற்றி வேங்கைகளே, வீறுகொண்டு எழுவீர்! கீழ்கணக்கின் சிங்கங்களே, கிழக்கு வெளுக்க வருவீர்!” என்று தொடங்கும். அகராதி பார்க்காமல் எழுதியது. டிக்கோயாவில் இருக்கும் ஒரு சங்கீத வாத்தியாரிடம் கொடுத்துப் பாட வைத்தேன். அவர் ராகம் போட்டுப் பாடினார்.

எங்கள் அணித் தலைவன் குமார் போனைக் காதில் வைத்துக் கடைசி வரைக்கும் கேட்டான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன்.

“நல்லாருக்கு அண்ணே. ஒரு சந்தேகம்” என்றான்.

“சொல்லு.”

“நாங்க சிங்கமா, வேங்கையா? ஏதாவது ஒண்ணாச் சொல்லிட்டா டீசர்ட்ல படம் அடிச்சிருவோம்.”

அதற்கு மேல் அந்தப் பாட்டைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சந்திரனின் பாட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. பனி, தண்ணீர் பிடிக்கிற பீலி, கொழுந்து நிறுக்கிற மடுவம், மாடசாமி கோயில் படி, எல்லாம் தினம் காலில் இடறுகிற சாமான்கள். இதையெல்லாம் பாட்டு என்பார்களா என்று நான் மைக் இல்லாத இடத்தில் பலரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அந்தப் பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

அதுவும் போகட்டும். என்னைக் கொன்றது அதன் இரண்டாவது சரணம்.

“வளைவுல செருப்பறுந்தும்
வந்த வழி பாக்காமக்
கீக்கணக்கு போன புள்ள,
கேக்குதா எங்க சத்தம்?”

மேல்கணக்கிலிருந்து மலைப்பாதை வளைவில் இறங்கிக் கீழ்கணக்குக்குப் போன பெண். வந்த வழியைத் திரும்பிப் பார்க்காத பெண். எழுதியவன் அவளுடைய முறை மச்சான். இதற்கு மேல் எனக்கு யாராவது பொருள் சொல்ல வேண்டுமா?

என் கால்சட்டைப் பை

எங்கள் மைதானத்தின் விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். மைதானத்தைச் சுற்றித் தேயிலை மலை. பந்து நேராகப் போய்த் தேயிலைக்குள் விழுந்தால் ஆறு ஓட்டம். ஆறு அடித்த அணியின் பாட்டைப் போட வேண்டும்; நாங்கள் அடித்தால் என் பாட்டு, அவர்கள் அடித்தால் சந்திரன் பாட்டு. எதிரணிப் பொடியன்கள் தேயிலைக்குள் இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு பந்தைத் தேடி எடுக்கும் வரைக்கும் பாட்டு ஓடும். பந்து கிடைத்ததும் பாட்டை நிறுத்தி ஆட்டம். நாலு ஓட்டத்துக்குப் பாட்டு கிடையாது.

பாட்டைப் போடுபவனும் அறிவிப்பாளன்தான். அதாவது நான்.

பந்து சீக்கிரம் கிடைத்துவிட்டால் பல்லவியோடு போகும். கொஞ்சம் தாமதமானால் முதல் சரணம். தேயிலை நிரை நடுவே, கவாத்து வெட்டிய குச்சிகளுக்குள் பந்து புகுந்துகொண்டால் இரண்டாவது சரணம் வந்துவிடும். அந்த நாலு வரியும் ஸ்பீக்கரில் இந்த மலை முழுக்கக் கேட்கும். என் மனைவி எதிரே மேட்டில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் என் கையாலேயே அந்தப் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாற்றுப் பந்து. ஹட்டனில் டென்னிஸ் பந்துகள் வாங்கிக் கால்சட்டைப் பைகளில் அடைத்துக்கொண்டேன். மேல்கணக்குக்காரன் ஆறு அடித்ததும் பாட்டைப் போடுவேன். பல்லவி முடியும்போதே, “ரசிகப் பெருமக்களே, நேரத்தின் அருமை கருதி மாற்றுப் பந்து வழங்கப்படுகிறது” என்று மைக்கில் சொல்லிவிட்டு ஒன்றைத் தூக்கி உள்ளே போடுவேன். எல்லோரும் கை தட்டினார்கள். அறிவிப்பாளர் எவ்வளவு பொறுப்பானவர் என்று தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவே பாராட்டினார்.

பரமு மட்டும் ஒரு நாள் என் கால்சட்டையைத் துவைக்க எடுத்தபோது, “பையி ரெண்டும் ஏன் இப்பிடித் தொங்குது?” என்று கேட்டாள்.

“பொறுப்பு கூடிருச்சு” என்றேன்.

பந்து தீர்ந்த மத்தியானம்

போன சித்திரைப் போட்டிகளில் கடைசி ஆட்டம். மத்தியானத்திலிருந்தே நுவரெலியாப் பக்கமிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. மேல்கணக்கு முதலில் துடுப்பெடுத்தது. அன்றைக்கு அவர்களுக்கு என்ன வெறியோ, தூக்கித் தூக்கி அடித்தார்கள். ஒன்று தேயிலைக்குள், ஒன்று ஓடைக்குள், ஒன்று கோயில் கூரை மேல். என் பை இளைத்துக்கொண்டே வந்தது. கடைசிப் பந்தையும் வீசிவிட்டுக் கையைப் பைக்குள் விட்டால் கைக்குட்டைதான் இருந்தது.

அப்போது சந்திரன் என் மேசைக்கு வந்தான். கையில் பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி.

“தம்பி, எங்க பாட்டு மட்டும் கொஞ்சம் மெதுவாக் கேக்குதே. சத்தத்தக் கூட்டேன்.”

“ஸ்பீக்கர் கோளாறு அண்ணே.”

“ஒன் பாட்டுக்கு மட்டும் கோளாறு நேராயிடுது போல” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மனதுக்குள் இவ்வளவு நாளாக வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன். “அண்ணே, அந்த ரெண்டாவது சரணம். அது யாரப் பத்தி?”

அவன் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தான். “போட்டிக்கு எழுதினது தம்பி. கீக்கணக்குக்குக் குடுத்த புள்ளைங்க எல்லாம் புருசனுக்குக் கை தட்டுறாளுங்க. எங்க சத்தமும் அவளுங்க காதுல விழணும்ல?”

அதற்குள் மைதானத்தில் ஒரு பலத்த அடி. பந்து மூட்டத்துக்குள் போனது. எங்கே விழுந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பாட்டைப் போட்டேன். பல்லவி ஓடியது. எங்கள் பொடியன்கள் தேயிலைக்குள் இறங்கி மூட்டத்தில் மறைந்துபோனார்கள். “இந்தப் பக்கம்டா”, “அங்க இல்லடா” என்று குரல் மட்டும் வந்தது. முதல் சரணம் முடிந்தது. பந்து வரவில்லை. நான் கைக்குட்டையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சந்திரன் கையை நீட்டி, சத்தத்தைக் கூட்டும் குமிழைத் தானே திருப்பிவிட்டான்.

“வளைவுல செருப்பறுந்தும்...”

மேட்டில் ஒரு குடை எழுந்து நின்றது. பரமுதான் என்று நினைத்தேன். ஆனால் அது பரமுவின் குடை இல்லை. எங்கள் லயத்துக் கோடி வீட்டு மாரியாயி அக்கா. பேரப்பிள்ளை எடுத்தவர். “ஏய், இது என் பாட்டுடீ!” என்று கத்தினார். “அந்த வளைவுல எத்தன செருப்பு எனக்கு அறுந்துச்சு தெரியுமா?”

“ஒனக்கு மட்டுந்தானா? எனக்கும்தான்!” என்று இன்னொரு குரல். இன்னொரு குடை. அப்புறம் இன்னொன்று. மேல்கணக்கில் பிறந்து கீழ்கணக்கில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். புருஷன் அணியின் கொடியைக் கையில் வைத்துக்கொண்டே, பிறந்த கணக்கின் பாட்டைக் குரல் கிழியப் பாடினார்கள். “கேக்குதா எங்க சத்தம்” என்று ஸ்பீக்கர் கேட்டபோது, “கேக்குது, கேக்குது!” என்று பதில் வந்தது. நான் எத்தனையோ மேடை பார்த்தவன். கூட்டம் இப்படிப் பதில் சொல்லி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் எழுதிய எதற்கும் யாரும் பதில் சொன்னதில்லை.

பரமுவும் நின்றாள், கடைசியாக. அவள் பாடவில்லை. சும்மா சிரித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பொறாமையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. பாட்டுக்காக வயிறு எரிந்தது. ஆனால் அந்தப் பெண் என் மனைவி இல்லை, அது ஊருக்கே பொது என்று தெரிந்ததில், இவ்வளவு நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. ஒரு பொடியன் அட்டை கடித்த காலோடு பந்தைத் தூக்கிக் காட்டினான். பாட்டை நிறுத்தினேன்.

கோப்பை எங்களுக்குத்தான் வந்தது. என் சிங்கத்தையும் வேங்கையையும் இரண்டு தடவை போட்டேன். ஜனங்கள் அதைக் கேட்டுக்கொண்டே, சந்திரனின் பாட்டைப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

தேத்தண்ணி

அன்று சாயங்காலம் மூட்டம் விலகியிருந்தது. பரமு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு நல்ல மனநிலை. வெகு நாளைக்குப் பிறகு நானே அந்தப் பேச்சை எடுத்தேன்.

“அந்த ரெண்டாவது சரணத்த நான் தப்பா நெனச்சுட்டேன் பரமு. சந்திரன் உன்னப் பத்தித்தான் எழுதிட்டானோன்னு இருந்துச்சு. இன்னைக்குப் பாத்தா, அந்த வழியா வந்த எல்லாருக்கும் சொந்தமாம்.”

அவள் கோப்பையை என் பக்கம் தள்ளினாள். “மத்தவங்களுக்கு எப்பிடியோ” என்றாள். “நம்ம கல்யாணத்தன்னைக்கு அந்த வளைவுல செருப்பு அறுந்து நின்னது நான்தானே.”

கல்யாணத்தன்று மழை. மேல்கணக்குக் கோயிலில் தாலி கட்டி இறங்கும்போது, சேற்றில் வேன் வளைவு திரும்பவில்லை. எல்லோரும் நடந்தோம். வழக்கப்படி தப்புக்காரர்களும் மாப்பிள்ளையும் முன்னால், பெண்கள் பின்னால். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

“எனக்குத் தெரியாதே?”

“எப்பிடித் தெரியும்? நீங்க தப்புக்கு ஆடிக்கிட்டே முன்னால போயிட்டீங்க. ஒரு கால்ல செருப்போட நான் நின்னேன். சந்திரன் மச்சான்தான் சட்டையில குத்தியிருந்த ஊக்கக் கழட்டி வார்ல மாட்டிக் குடுத்தாரு. ‘திரும்பிப் பாக்காமப் போ புள்ள’ன்னாரு. நானும் பாக்கல.”

“இத்தன வருசமா நீ சொல்லவே இல்லையே.”

“செருப்பு அறுந்ததெல்லாம் ஒரு கதையா? அவரு பாட்டுல வெச்ச பொறகுதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு.” விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டாள். “ஒருத்தரு நம்மள நெனச்சு ஒரு வரி எழுதிட்டா, அதுக்குக் கோவமா வரும்? நல்லாத்தான் இருக்குங்க.”

சந்திரன் மீது சந்தேகமில்லை, அவள் மீதும் இல்லை. அதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், இருவரும் இந்தத் தொடரை வாசிக்கிறார்கள். அன்றிலிருந்து நானும் எழுதிப் பார்க்கிறேன். பஸ்ஸில் எழுதுகிறேன், துணி மடித்துக்கொண்டே எழுதுகிறேன். பரமுவுக்கென்று ஒரே ஒரு பாட்டு, அவள் ரொட்டி தட்டக்கூடிய மாதிரி. வேங்கை வருகிறது, நிலா வருகிறது, மல்லிகைகூட வருகிறது. அந்த அறுந்த செருப்பு மாதிரி ஒன்று வரமாட்டேன் என்கிறது. அவள் ஒற்றைச் செருப்போடு நின்றதைப் பார்த்தவன் அவன். நான் முன்னால் ஆடிக்கொண்டு போனவன்.

இந்த வருடமும் போட்டி இருக்கிறது. அறிவிப்பாளர் நான்தான். பந்து ஒரு பெட்டி வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். நேற்று குமாரைக் கூப்பிட்டு நம் பந்துவீச்சாளர்களிடம் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லச் சொன்னேன்.

“நாலு போனா போகட்டும். தோத்தாலும் பரவாயில்ல. ஆறு மட்டும் குடுத்துராதீங்கடா.”